முதல் ஆளைத் தனிய விடக்கூடாது

ஞானம் அக்கா போய்விட்டா என்று அவவின் மகன் போன் எடுத்தபோது, நான் உடுப்புத் தோய்க்கிற லோன்ரியில் கட்டில் விரிப்பு மடித்துக்கொண்டு நின்றேன். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். இவ்வளவு காலமும் மற்றத் தலைப்பைப் பிடித்தது அக்காதான். அன்றைக்கு அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எண்பத்தேழில் என் மனுசன் இறந்தார். இங்கே பிளேஸ்டோவுக்கு அங்காலே, வெள்ளைக்காரரைப் புதைக்கிற ஒரு சவக்காலையில் வைத்தோம். அதுவரை எங்கட ஆக்கள் ஒருத்தரும் அங்கே இல்லை. அடுத்த ஞாயிறு அக்கா பிளாஸ்கில் தேத்தண்ணியோடு என் கதவடியில் நின்றா. "வெளிக்கிடு பிள்ளை. முதல் ஆளைத் தனிய விடக்கூடாது."

என் மனுசனின் குழியடிப் புல்லில் குந்தியிருந்துதான் தன் ஊர்க் கதையைச் சொன்னா. வன்னிக் காட்டின் எல்லையில், அவவின் தகப்பன் ஆக்கள் காடு வெட்டி உண்டாக்கிய சின்னப் பட்டணம். செத்தவர்களை வண்டிலில் ஏற்றிப் பழைய ஊருக்குத்தான் கொண்டுபோவார்களாம். ஆனை திரிகிற காட்டில் யாரைத் தனிய விடுவது? ஒரு மாரியில் பாதை வெள்ளத்தில் போயிற்று. அந்த நேரம் ரோட்டு வேலைக்கு வந்த ஒருவர் காய்ச்சலில் இறந்தார். சொந்தம் யாரென்றும் தெரியாது. காட்டோரம் அவரைத் தாட்டார்கள். அதுதான் அந்தப் பட்டணத்தின் முதல் சவக்காலை. இரண்டாவது ஆள் வருமட்டும் வீட்டுக்கு வீடு முறை வைத்து, பின்னேரங்களில் அவருக்குத் துணை இருந்தார்களாம்.

அக்கா துணை இருந்தால் சும்மா இருக்கமாட்டா. "தம்பி, உமக்கு இங்கிலீஸ் சரிவராது. பக்கத்து வெள்ளைக்காரரோட என்னண்டு சமாளிக்கிறீர்?" என்று என் மனுசனைக் கேட்பா. அழப்போன நான் சிரித்துவிடுவேன். பிறகு எங்கட ஆக்களில் ஒரு மாமி செத்து, அவவை என் மனுசனுக்குக் கிட்ட வைத்தார்கள். அக்கா மெழுகுதிரி கொளுத்திவிட்டு, "இனி ரெண்டு பேரும் கதைக்கட்டும். நாங்கள் எங்கட வேலையைப் பாப்பம்" என்றா.

ஊரில் சண்டை நடந்த காலம், அக்காவின் பட்டணத்துச் சவக்காலையைச் சுற்றிக் கம்பிவேலி அடித்து ஒருத்தரையும் உள்ளே விடவில்லை. அவவின் தகப்பனின் குழியும் உள்ளேதான். "ஒருத்தருக்குத் துணை இருந்த ஊர், இப்ப எல்லாரையும் தனிய விட்டிட்டு ஓடி வந்திருக்கு" என்றா. அன்றைக்கு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

இப்போது அக்காவை ஸ்ட்ரெதம் பக்கம், மகன் வீட்டுக்குக் கிட்ட ஒரு சவக்காலையில் வைத்திருக்கிறார்கள். அங்கே எங்கட ஆள் ஒருத்தரும் இல்லை. "தம்பி, அம்மாவை எங்கட பக்கம் வைக்க ஏலாதோ?" என்று அடக்கத்துக்கு முதலே மகனைக் கேட்டேன்.

"அன்ரி, அவ்வளவு தூரம் நான் வந்து பாக்க ஏலுமே?"

பெற்ற பிள்ளை. பிழை சொல்ல ஏலாது. ஆனால் ஞாயிறுகளில் அவருக்கு ஷிப்ட் வேலை.

அந்தப் பட்டணத்தில் முறைக்கு வீடுகள் இருந்தன. இங்கே நான் ஒருத்தி. பஸ் மாறி மாறிப் போக என் கால் ஏலாமல் வருகுது. அக்காவுக்குப் பக்கத்தில் எங்கட ஆள் ஒருத்தர் வரவேணும் என்று செபிக்கப் போனால், யாருடைய சாவைக் கேட்கிறேன் என்று யோசினை வருகுது. அதனால் கேட்பதில்லை. போய்ப் பக்கத்தில் இருக்கிறேன்.

அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த முறையைத்தான். வருகிற ஞாயிறு என்னுடையது. அதற்கடுத்ததை, அவவைத் தெரிந்த உங்களில் ஒருத்தர் எடுங்கோ.