குலம் அண்ணையும் ஒரு திருகாணியும்

சாவுச் செய்தி வந்தபோது நான் கெல்லரில், அதாவது கட்டடத்து நிலவறையில், மீன் எடுக்கக் குளிர்ப்பெட்டிக்குள் குனிந்து, குலம் அண்ணையின் குட்டி ரயில் தண்டவாளத்தில் முழங்கையை இடித்து, அவரை வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். மனைவி படியிறங்கி வந்தாள்.

"கத்தாதேங்கோ. குலம் அண்ணை ஆஸ்பத்திரியில மோசம் போயிட்டாராம்."

திட்டில் பாதி இன்னும் வாய்க்குள்ளேயே கிடக்கிறது.

ஜேர்மனியில், வுப்பர்டாலில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்தவர் அவர். நான் ஓ.எல் பரீட்சையில் கணக்கைக் கோட்டைவிட்டவன். அவரைப் பற்றி எழுத எனக்கிருக்கும் ஒரே தகுதி, எங்கள் கெல்லர் அறைகள் அடுத்தடுத்து இருந்ததுதான்.

பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. ஓய்வு நாளில் கெல்லரில் பழைய அமெரிக்க நீராவி ரயில்களின் சிறு மாதிரிகளை ஓடவிடுவார்.

"ஜேர்மனியில இல்லாத ரயிலே, அண்ணை?"

"இருக்கு. மலையில முழுச் சாமான் ரயிலையும் தனிய இழுக்கிற அந்த எஞ்சின் இல்லையே, தம்பி."

ஒருநாள் அந்தப் பெரிய எஞ்சினின் மாதிரியையே வாங்கிவந்தார். முன்னும் பின்னுமாக இரண்டு சில்லுத் தொகுதிகள். சின்ன அறைகளில் ஓடவேண்டுமென்று, இரண்டும் திரும்பும்படி செய்திருந்தார்கள். அழகாக ஒரு வளைவு போனது. அண்ணையின் முகம் கறுத்தது.

"பிழை."

"என்ன பிழை? வடிவா ஓடுதே!"

"உண்மையான எஞ்சின்ல முன்சில்லு மட்டும்தான் திரும்பும். பின்சில்லு கொதிகலனோட இறுகியிருக்கும்."

அந்த இடத்திலேயே நிறுத்தி, பின்சில்லு திரும்பாதபடி அடியில் ஒரு திருகாணியை இறுக்கினார். பிறகென்ன, வளைவுக்கு வளைவு எஞ்சின் குடைசாய்ந்தது.

மனிதர் திருகாணியைக் கழற்றினாரா? இல்லை, வளைவைப் பெரிதாக்கினார். தன் அறை போதாமல், இடையிலிருந்த பலகைத் தடுப்புக்குள்ளால் என் அறையை எட்டிப்பார்த்தார். மடையன் நான் தலையாட்டினேன். தண்டவாளம் இடுப்புயரப் பலகைமேல் என் குளிர்கால டயர்களையும் அரிசி மூட்டையையும் சுற்றி வந்தது. குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் வளைவு ஒடுங்க, ஞாயிறுதோறும் எஞ்சின் அங்கேதான் விழுந்தது.

"தம்பி, இந்தப் பெட்டியைக் கொஞ்சம்..."

"ஏலாது அண்ணை, மனுசி என்னை வெட்டிப்போடுவா. ஸ்குறூவைக் கழட்டுங்கோ! ஆர் குனிஞ்சு பாக்கப்போகினம்?"

"எனக்குத் தெரியும்தானே."

இந்தப் பதிலைக் கேட்டுக்கேட்டே என் இரத்த அழுத்தம் ஏறியது. "அப்பா, உங்க ரெண்டு பேரிலயும் ஆருக்குக் கூட விசர்?" என்று மகள் கேட்டாள். பைத்தியம் அவருக்குத்தான் என்று அன்றைக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

காரியங்கள் முடிந்த பின் அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், திருகாணி கழற்றும் திருப்புளியோடு கெல்லருக்கு வந்தார்.

"மனுசன் இது ஒருக்காவும் முழுச்சுற்று ஓடிப் பாக்கேல்லை. ஸ்குறூவைக் கழட்டி ஒரு சுற்று விடுங்கோ. பிறகு எல்லாத்தையும் அடுக்குவம்."

எஞ்சினைக் கவிழ்த்தேன். திருப்புளியை வைத்தேன். கை திருக மறுத்தது. பின்சில்லு திரும்பக்கூடாது என்பது இப்போது எனக்கும் தெரியுமே! அந்தப் பாழாய்ப்போன அறிவை என் தலையில் கட்டிவிட்டல்லவா போயிருக்கிறார்?

மகளைக் கூப்பிட்டேன். இருவருமாகக் குளிர்ப்பெட்டியை முக்கி முனகி மேலே ஏற்றினோம். அது இப்போது எங்கள் வரவேற்பறையில் உறுமிக்கொண்டு நிற்கிறது. மனைவி என்னோடு கதைப்பதில்லை.

வளைவை அகலித்துப் போட்டோம். எஞ்சின் மூக்கை வெளியே நீட்டியபடி அரிசி மூட்டையை உரசி, தடுப்பு ஓட்டைக்குள்ளால் அண்ணையின் பக்கம் போய், விழாமல் திரும்பி வந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

போய்வாருங்கள், அண்ணை. முழுச்சுற்று ஓடியது. பின்சில்லு அசையவில்லை. நான் குனிந்து பார்த்தேன்.