எந்திரிக்கத்தான் உக்காந்தோம்

போன பங்குனி மாசமுங்க. கோயமுத்தூர்ல ஒரு அரசாங்க ஆபீஸ் வாசல். சுள்ளுனு அடிக்கற வெயில்ல தார்ப்பாய் விரிச்சு நாங்க ஒரு கூட்டமா உக்காந்திருந்தோம். எல்லாரும் சண்டைக்குப் போய் வந்த பழைய பட்டாளத்துக்காரங்க, கூட என்னாட்டம் பொண்டாட்டிமார்.

எங்க ஊட்டுக்காரருக்கு எல்லையில கண்ணிவெடி வெடிச்சு வலது கால் போயிருச்சு. செயற்கைக் கால் தேய்ஞ்சா புதுசு தர்றோம், ஆயுசுக்கும் வைத்தியம் எங்க பொறுப்புன்னு அன்னைக்கு வாக்குக் குடுத்தாங்க. இப்பப் போய்க் கேட்டா, நாட்டுல பணக் கஷ்டம், பொறுங்கங்கறாங்க. இவர் போட்டிருக்கற கால் விரிசல் விட்டு, உள்ள இருக்கற சதையெல்லாம் புண்ணு. வெள்ளகோவில்ல இருந்து பஸ்ல பல்லைக் கடிச்சுட்டுத்தான் வந்தார். புதுக் கால் இல்லாம ஊடு திரும்பறதில்லைன்னு நான் வைராக்கியமா வந்திருந்தேன்.

காலையில எல்லாரும் கூடிப் பேசி ஒரு முடிவு செஞ்சாங்க. எந்த அதிகாரி வந்தாலும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது, எல்லாருக்கும் குடுத்த வாக்கை எழுதித் தர்ற வரைக்கும் உக்காந்த எடம்தான்னு. ஆனா என்ன நடந்துச்சு தெரியுமுங்களா? மத்தியானம் பெரிய அதிகாரி கதவைத் தெறந்து வெளிய வந்தார். அவ்வளவுதான், நம்ம ஆளுக சடக்குனு எந்திரிச்சு, வெறைப்பா நின்னு சல்யூட் அடிச்சுப்போட்டாங்க. தொட்டில் பழக்கம்னு சொல்லுவாங்க, பட்டாளப் பழக்கம் அதை விடக் கெட்டி போலிருக்கு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லீங்க. அந்த அதிகாரியும் சிரிச்ச மொகமா உங்க கட்டுப்பாடே கட்டுப்பாடுன்னு புகழ்ந்துட்டு, நெலமை உங்களுக்கே தெரியும், போயிட்டு அப்புறமா வாங்கன்னார். வெறைப்பா நிக்கறவங்க எப்படி எதுத்துப் பேசுவாங்க?

எங்க ஊட்டுக்காரர் மட்டும் எந்திரிக்கல. புண்ணு தாங்காம காலைக் கழட்டிப் பக்கத்துல வெச்சிருந்தார். அதிகாரி அதைக் கவனிக்காம, ஏன், உங்களால எந்திரிக்க முடியாதான்னு சுருக்குனு கேட்டார். இவர் அந்த விரிசல் விட்ட காலை ரெண்டு கையிலயும் தூக்கிக் காட்டினார்.

"எந்திரிக்கறதுக்குத்தானுங்க வந்து உக்காந்திருக்கறேன்."

அதிகாரி மொகம் சுண்டிப் போச்சு. அப்புறம் கொரலைத் தணிச்சு, நீங்க மட்டும் உள்ள வாங்க, உங்களுக்கு இந்த வாரமே அளவெடுக்கச் சொல்றேன்னார். எனக்கு நெஞ்சு துள்ளுச்சு. அதுக்குத்தானே வந்தேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தினமும் புண்ணைக் கழுவி மருந்து போடறவ நாந்தானே, முடிவை எங்கிட்டயே உட்டுட்டார். எம் பக்கத்துல, புருசன் போனதுக்கப்பறம் பென்சனுக்கு அலையற ஒரு அக்கா என் மொகத்தையே பாத்துட்டு இருந்துச்சு. சத்தியமாச் சொல்றேன், சரிங்கற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"எல்லாத்துக்கும் சேத்தி எழுதிக் குடுங்க சார். இல்லீன்னா எங்களுக்கும் வேண்டாமுங்க"ன்னேன்.

நான் சொல்லி வாய மூடல. எங்க கூட்டத்துல மூத்தவரான பழைய சுபேதார், பட்டாளத்து இந்தியில, உக்காருங்கன்னு ஒரு அதட்டு அதட்டினார். நின்ன அத்தனை பேரும் ஒண்ணாச் சப்பணம் போட்டு உக்காந்தாங்க. அதுவும் பழக்கம்தானே. அதுக்கப்பறம் அதிகாரி எத்தனை தடவை வந்தும் ஒருத்தரும் அசையல.

அன்னைக்கு எழுத்து கெடைக்கலீங்க. இன்னும் மாசாமாசம் போய் உக்காந்துட்டுத்தான் இருக்கறோம். விரிசலுக்கு டேப் சுத்தி ஓட்டறார். தேடி வந்த சீதேவியை எட்டி ஒதைச்சவள்னு சொந்தக்காரங்க என்னைப் பேசறாங்க, பேசட்டும். அந்த அக்காவை வெயில்ல உட்டுப்போட்டு வாங்கியிருந்தா, அந்தப் புதுக் கால் எங்களை பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூடக் கொண்டுபோய்ச் சேத்தியிருக்காதுங்க.