தட்டு மாற்றும் நேரத்தில் எழுந்த மதினி

மதினியின் மோதிரத்தை ஆசாரி வெட்டித்தான் எடுத்தார். விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்கு மாதிரி புடைத்திருந்தன. பீடி சுற்றிச் சுற்றி வந்த வீக்கம் என்றான் அவள் புருஷன், என் அண்ணன். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றியவள்தானே, எனக்கு ஏன் வீங்கவில்லை என்று எனக்கு ஒரே யோசனை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வேறு எது வராவிட்டாலும் பயம் மட்டும் நன்றாக வரும். நச்சரித்து நச்சரித்து மதினியை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

முடக்குவாதம் என்றார்கள். ரத்தத்தில் கொழுப்பு சரியாகத்தான் இருந்தது. சி.ஆர்.பி. என்ற ஒன்று மட்டும் ஏறிக் கிடந்தது. உடம்புக்குள் அழற்சி இருப்பதைக் காட்டுவதாம் அது. "மூட்டை வீங்க வைக்கிற அதே அழற்சி இதயத்து ரத்தக் குழாயையும் கெடுக்கலாம். நெஞ்சிலயோ தாடையிலயோ வலி வந்தா வீட்ல இருக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. அண்ணன் சிரித்தான். "சளி பிடிச்சாக்கூட அது ஏறும்லா?" அவன் சொன்னதிலும் பொய்யில்லை. ஆனால் மதினிக்குச் சளியும் இல்லை, மாதங்கள் போயும் அது இறங்கவும் இல்லை.

மதினியின் மகனுக்குச் சேரன்மகாதேவியில் பெண் பார்த்து, நிச்சயத்துக்குப் பெண் வீட்டில் கூடியிருந்தோம். தட்டு மாற்றப் போகிற நேரம். மதினிக்குப் பட்டுச்சேலையெல்லாம் வியர்வை. தாடையைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சுல கல்லத் தூக்கி வச்சாப்ல இருக்கு" என்றாள் என்னிடம். "வாயுதான், ஓமத்தண்ணி குடி" என்றாள் பெரியம்மை முறையாகிற ஒரு சொந்தக்காரி. நான் ஆட்டோவுக்கு ஆள் விட்டதைப் பார்த்து அண்ணன் பல்லைக் கடித்தான்.

"ஏட்டி, உனக்கு வேற சோலியே கெடையாதா? இருமுனா டிபிங்குத, ஏப்பம் விட்டா மாரடைப்புங்குத. சம்பந்தக்காரங்க முன்னால மாப்பிள்ளைக்குத் தாய் எந்திரிச்சுப் போனா என்ன நெனப்பாவ? தட்டை யாரு மாத்துவா?"

மதினி எழுந்துவிட்டாள். "நீங்களே மாத்துங்க. ரெண்டு கைதான வேணும்? உங்களுக்கு இருக்குல்லா."

அத்தனை பேர் பார்க்க வாசலைத் தாண்டி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடி ஆட்டோவில் ஏறினேன்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இதயக் குழாயில் அடைப்பு என்றார்கள். உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும். கையெழுத்துப் போட ஆம்பளை யாரும் வரலையா என்று ஒருவர் கேட்டார். "உசுரு என்னுது. நான் போடுதேன்" என்று பேனாவை வாங்கினாள். அந்த விரல்களால் பேனாவைப் பிடிக்க அவள் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

பிழைத்து வீடு வந்ததும் உறவெல்லாம் பழம் வாங்கிக்கொண்டு வந்தது. "நல்ல காரியத்துல பாதியில எந்திரிக்கலாமா, சகுனத் தடை இல்லையா?" என்று இழுத்தாள் அந்தப் பெரியம்மை.

"நான் அங்கனயே செத்துக் கெடந்தா வருசம் கழிச்சுல்லா கல்யாணம் வச்சிருப்பிய? அது தடை இல்லையோ?" என்றாள் மதினி. கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது.

மதினி இப்போது மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறாள். போன வாரம் மாடிப்படி ஏறும்போது எனக்கு நெஞ்சைப் பிடித்தது. முன்பென்றால் யாரிடம் சொல்வது, என்ன சொல்வார்களோ என்று தவித்திருப்பேன். பர்ஸை எடுத்துக்கொண்டு டவுண் பஸ் ஏறினேன். "எங்க போறிய?" என்று பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள்.

"நெஞ்சைக் காட்டப் போறேன்" என்றேன், பஸ் முழுக்கக் கேட்கும்படி.