ஊர்வலத்தில் நின்ற சிவப்புக் கார்

பிளைவீல் என்ற பேரைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என் அக்கா புருஷன் கொளஞ்சியப்பன் கடலூர் செம்மண்டலத்தில் இருபத்திரண்டு வருஷமாக மெக்கானிக். "நம்ம கை பட்ட வண்டி வழியில நிக்காது" என்பார். அவருக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்.

2009இல் முந்திரி வியாபாரி தேவநாதன் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தான். கூரை இல்லாத, இரண்டு பேர் உட்காரும் கார். எஞ்சினோடு சுற்றும் கனத்த இரும்புச் சக்கரம்தான் பிளைவீல். ரேஸில் ஓட்டுவதற்காக அதையும் கிளட்சையும் கழற்றிவிட்டு, எடை குறைந்ததாக மாட்டச் சொன்னான். கோயம்புத்தூரிலிருந்து சாமான் வந்தது.

"சார், மிதிச்சா சீறும். ஆனா மெதுவா உருட்ட முடியாது. நின்னு நின்னு போவும்" என்று மாமா படித்துப் படித்துச் சொன்னார்.

"மெதுவா போறதுக்கா கார் வாங்குனேன்?" என்றான். மாமா மாட்டிக் கொடுத்தார்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. அக்கா மகள் காயத்ரிக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அந்த அன்பரசு, தேவநாதனுக்குச் சிநேகிதனாக இருந்து தொலைத்தான். மாப்பிள்ளை அழைப்புக்குச் சிவப்புக் கார்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். மேளத்துக்குப் பின்னால் நடைவேகத்தில் ஊர வேண்டிய ஊர்வலத்துக்கு!

மாமா எவ்வளவோ விளக்கிச் சொன்னார். சம்பந்தி பக்கிரிசாமி, அதெல்லாம் சாக்கு என்றார். "மெக்கானிக் வீட்ல பொண்ணு எடுக்கறோம். ஒரு கார ஓட வெக்கத் தெரியலியா?" எனக்கு வந்த ஆத்திரத்தில் எதையாவது சொல்லியிருப்பேன். மாமா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பழைய பிளைவீல் பட்டறையில்தான் கிடந்தது. ஒரு நாளைக்கு மட்டும் அதை மாட்டிக்கொள்கிறேன் என்று மாமா தேவநாதனிடம் கெஞ்சினார். "ஞாயித்துக்கெழம ரேஸ் இருக்கு. கார எடுத்துக்குங்க, உள்ள கைய வெக்காதீங்க" என்றான் அந்தப் புண்ணியவான்.

வேறு யார் ஓட்டினாலும் கிளட்ச் தீய்ந்துவிடும் என்று, பட்டு வேட்டியோடு மாமாவே ஸ்டியரிங்கைப் பிடித்தார். சிதம்பரம் தெற்கு வீதியில் மேளம் பத்தடி நகர்ந்தது. கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. கிளப்பினார். மறுபடியும் நின்றது. மாப்பிள்ளை மாலையோடு முன்னால் போய் முட்டிக்கொள்ளப் பார்த்தான். ஆறாவது தடவை கிளட்ச் தீயும் நாற்றம் வந்துவிட்டது.

"இதான் ஒங்க கை பட்ட வண்டியா?" என்று சம்பந்தி எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

மாமா எஞ்சினை அணைத்து, ஸ்டியரிங்கில் என்னை உட்கார வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய்த் தள்ள ஆரம்பித்தார். பெண்ணைப் பெற்றவர் தள்ளுகிறார், மாப்பிள்ளை உட்கார்ந்து வருகிறான்! கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து ரோடே தெரியவில்லை.

மண்டபத்துக்கு ஐம்பதடி இருக்கும்போது, ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களை விலக்கிக்கொண்டு காயத்ரி படியிறங்கி வந்தாள். கார் கதவைத் திறந்தாள்.

"எறங்குங்க" என்றாள் அன்பரசுவிடம். "எங்கப்பா தள்ற வண்டில ஒக்காந்து வர்றவர நான் கட்டிக்க மாட்டேன்."

மேளம் நின்றுபோனது. அன்பரசு தன் அப்பாவைப் பார்த்தான். பிறகு இறங்கினான். மாலையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுப் பின்னால் போனான்.

"நீங்க நகருங்க மாமா, நான் தள்றேன்."

மாமா நகரவில்லை. அவனுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மட்டும் விட்டார்.

"என் கை பட்ட வண்டி மாப்ள. வழியில நிக்கக் கூடாது."