படத்தின் மேல் ஓடிய எழுத்துகள்

மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனறேற்றரின் புகைதான் எனக்குச் சினிமாவின் மணம். சிறுவயதில் யாராவது வாடகைக்கு வீடியோ "டெக்" கொண்டுவந்தால், முற்றத்தில் பாய் விரித்து, நடிகர்களைவிட அதிகமாகத் தாங்களே பேசிக்கொண்டு ஊரார் படம் பார்ப்பார்கள். "பின்னால நிக்கிறான், திரும்பிப் பாரடி!" என்று கதாநாயகிக்குப் புத்தி சொல்வார்கள். தம்பி குணத்தின் சத்தம் எல்லோரையும்விட மேலே கேட்கும். நான் வாய் திறப்பதில்லை. காசு கொடுத்தவர்கள் வந்து சேரச் சேர, "சும்மா பாக்கிற பெடியள் எழும்புங்கோ" என்று எங்களை வேலிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள்.

2009இல் நான் தற்காலிக விசாவோடு மெல்பேர்னின் புறநகரான ரோவிலில் இருந்தேன். குணம் ஜப்பானில், கடலோர ஊரொன்றில், சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை செய்தான். அங்கே ஓர் இணையத்தளத்தில், பார்ப்பவர்கள் எழுதுவதெல்லாம் படத்தின் மேலேயே ஓடும் என்று சொன்னான்.

"எங்கட முற்றம் மாதிரித்தான் அண்ணை, சத்தம் மட்டும் இல்லை."

முதலில் அதில் படங்கள் பார்த்தான். பிறகு ஆளாளுக்கு நேரடியாகக் காட்டலாம் என்று வந்ததும், ஞாயிறுதோறும் தான் இடியப்பம் பிழிவதைக் காட்டினான். பின்னர் கைபேசியிலிருந்தே காட்டலாம் என்றாயிற்று.

2011இல் அங்கே நிலம் நடுங்கிக் கடல் ஏறியது. குணத்தின் தொலைபேசிக்கு எத்தனை தரம் எடுத்தும் மணி அடிக்கவேயில்லை. ஒரு கிழமை கழிந்து வந்த ஞாயிறு, என்னோடு வீட்டில் இருந்த தஞ்சாவூர்க்காரர் செந்தில், குணத்தின் பக்கத்தைத் தன் கணினியில் திறந்தார். நேரடி ஒளிபரப்பு போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஜப்பான் எழுத்துகள் மழையாய் ஓடி முகத்தை மூடிவிட்டன. ஜப்பான் மொழியில் யாரோ பேசினார்கள்; இரைச்சலில் குரல் பிடிபடவில்லை. அது குணமா, அவனைப் பற்றித் துக்கச் செய்தி சொல்ல வந்த வேறு யாராவதா என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை வெறுமையானது.

"காசு கட்டினவங்க வந்தா, ஓசில பாக்குற நம்மள வெளிய தள்ளிருவான்ணே" என்றார் செந்தில். மறுபடி உள்ளே புகுந்தார். "சீக்கிரம், ஏதாவது கேளுங்க!"

"சாப்பிட்டியோ எண்டு கேளுங்கோ தம்பி."

"என்னண்ணே, உயிரோட இருக்கானான்னு கேக்காம, சாப்பாட்டக் கேக்குறீங்க!"

அப்படி எப்படிக் கேட்பது? பதில் வராவிட்டால்?

முணுமுணுத்துக்கொண்டே அவர் அடித்தார். ஜப்பான் எழுத்துகளுக்கு நடுவே ஒரு தமிழ் வரி வலமிருந்து இடமாக நகர்ந்தது. அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பிறகு ஒரு சிரிப்பு.

"இந்த நேரத்தில சாப்பிட்டியோ எண்டு கேக்கிறது எங்கட அண்ணை ஒராள்தான்! ஓம் அண்ணை, சோத்துருண்டை தந்தவை. பள்ளிக்கூட மண்டபத்தில இருக்கிறன், ஒரு கீறல்கூட இல்..."

திரும்பவும் எங்களைத் தள்ளிவிட்டார்கள். செந்தில் மேசையில் அடித்துத் திட்டினார். நான் கதிரையில் சாய்ந்து, ஒரு கிழமையாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டேன்.

இப்போது குணம் நினைத்த நேரம் கைபேசியில் முகம் காட்டுகிறான். எங்கள் இருவருக்கும் நடுவே எந்த எழுத்தும் ஓடுவதில்லை. அந்தத் தளமும் எவ்வளவோ மாறிவிட்டதாம். அன்றைய ஒளிபரப்பை இனித் தேடி எடுக்க முடியாது என்கிறார் செந்தில். போகட்டும். அதில் இருந்தவன் இருக்கிறான்.