அக்கா தேர்ந்தெடுத்த வேக்கியூம் கிளீனர்

அக்காவுக்குத் தூசி ஆகாது என்று ஹட்டனில் டாக்டர் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் விளக்குமாற்றுக்குத் தடை விழுந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இருவருமே ஒரே பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள், இருவருமே கல்யாணம் கட்டாதவர்கள். அவள் சமைப்பாள், நான் கூட்டிப் பெருக்குவேன். நான் முன்னறையில் கூட்டத் தொடங்கினால் அவள் குசினியில் தும்மத் தொடங்குவாள். கண் சிவந்து, மூச்சு இழுத்து, பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் களைத்துவிடுவாள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

"காப்பட்ட தூக்கிருங்க. இல்லாட்டி ஒரு வேக்கியூம் கிளீனர் வாங்குங்க" என்றார் டாக்டர்.

கம்பளத்தைத் தூக்க அக்கா சம்மதிக்கவில்லை. மழைக்காலத்தில் எங்கள் சிமெந்துத் தரையில் கால் வைக்க முடியாது. "தும்மலோட மூட்டுவலியும் சேந்து வரணுமா?" என்று கேட்டாள். சரி, மெஷினே வாங்குவோம் என்று கிளம்பினோம். ஒரே நாளில் முடிகிற வேலை என்றுதான் நினைத்தேன்.

முதல் கடையில் கடைக்காரர் ஒரு விரிப்பின் மேல் தேயிலைத் தூளைக் கொட்டிவிட்டு மெஷினைப் போட்டார். தூள் இருந்த இடம் தெரியவில்லை. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! இந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க என்னா நெனைப்பாங்க?"

"அக்கா, பக்கத்து வீடு மாவு மில்லு" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அதுக்காக நம்மளும் சத்தம் போடணுமா?"

அடுத்த கடையில் வயர் இல்லாதது ஒன்று இருந்தது. கையில் தூக்கிப் பார்த்தாள், லேசாக இருக்கிறது என்றாள். எனக்கு உயிர் வந்தது.

"சார்ஜ் பாதியில முடிஞ்சிருச்சின்னா?"

"மறுபடி போடணும் டீச்சர்."

"அந்நேரம் கரண்ட் இல்லன்னா?"

"கரண்ட் வந்தோன போடலாம் டீச்சர்."

"அப்ப அது வரைக்கும் பாதி வீடு குப்பையா கெடக்குமா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் திரும்பி நின்று ரைஸ் குக்கர்களைப் பார்த்தேன்.

தானாக ஓடுகிற வட்ட மெஷினையும் ஒரு கடையில் காட்டினார்கள். அது கட்டிலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால் யார் குனிந்து எடுப்பது என்று அதையும் ஒதுக்கினாள். இதற்கிடையில் கொழும்பிலிருந்து தம்பி போன் எடுத்தான். "பை வச்சது எடுங்க பெரியக்கா. மத்தத கொட்டுறப்ப தூசி மூஞ்சியிலதான் அடிக்கும்" என்றான். மாற்றுப் பை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தோம். ஹட்டனில் இல்லையாம், கொழும்பில்தான் எடுக்க வேண்டுமாம். "குப்பை போடுற பைக்கு நான் கோச்சி ஏறிக் கொழும்புக்குப் போகவா?" என்றாள். அதோடு பை வைத்த எல்லாமும் போயிற்று.

இப்படியே எத்தனையோ சனிக்கிழமைகள். வீட்டில் நான் ஈரத்துணியை வைத்துக்கொண்டு கம்பளத்தை முட்டி போட்டுத் துடைத்தேன். அவளுடைய தும்மலும் நிற்கவில்லை, என் முதுகுவலியும் நிற்கவில்லை.

கடைசியில் ஒரு நாள் அவள் டியூஷன் வகுப்புக்குப் போன நேரம் பார்த்து, நானே போய்ப் பையில்லாத ஒன்றை வாங்கிவிட்டேன். வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடையைப் பெட்டிக்குப் பிடித்துவிட்டு நான் நனைந்தேன்.

"என்னைய கேக்காம வாங்குனியா?" என்றாள். அவ்வளவுதான். அன்று முழுக்க எனக்குத் தேநீர் மேசைக்கு வந்தது டொக்கென்ற சத்தத்தோடுதான்.

மறுநாள் அவளைக் குசினிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கம்பளம் முழுக்க மெஷினை இழுத்தேன். மெஷினின் கண்ணாடி டப்பாவில் சாம்பல் நிறத்தில் தூசி திரண்டு நின்றது. சத்தம் நின்றதும் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, இம்புட்டு அழுக்குலயா நம்ம இருந்தோம்?"

நம்ப முடியாமல் டப்பாவைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது.

"அதை அமுக்காத அக்கா..."

அமுக்கிவிட்டாள். அடி மூடி திறந்தது. அவ்வளவு தூசியும் மறுபடி கம்பளத்தின் மேல்.

அவள் தும்மிய தும்மலில் மில்லுக்காரர் வேலிக்கு வந்து, "என்னாங்க டீச்சர், ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?" என்று கேட்டார். அவளைக் கொல்லைப்புறத்தில் உட்கார வைத்து, சுடுதண்ணீர் கொடுத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி இழுத்தேன்.

இப்போது முகக்கவசம் கட்டிக்கொண்டு அவளே மெஷின் போடுகிறாள். டப்பாவைக் கொட்டுவது என் வேலை. தும்மல் அடியோடு போகவில்லை, ஆனாலும் மூச்சிழுப்பு குறைந்திருக்கிறது. பள்ளிக்குப் போகிறபோது முகத்தில் தெளிவு இருக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் போன வாரம் ஆசிரியர் அறையில் அவள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ஹட்டன்ல உள்ள அத்தனை கடையும் ஏறி எறங்கி, பாத்துப் பாத்துத் தெரிவு செஞ்சது. பையில்லாததுதான் நல்லது." கணக்கு டீச்சர் உடனே, தனக்கும் ஒன்று தெரிவு செய்து தரும்படி கேட்டார். அக்கா ஒத்துக்கொண்டுவிட்டாள்.

"வர்ற சனிக்கிழமை போறோம், நீயும் வா" என்றாள்.

எனக்குத் துணி துவைக்கிற வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.