கம்பெனி பஸ் டிரைவரின் நாக்கு

1. உள்நாக்கைக் காணோம்

டெல்லிபாபுவின் வாய்க்குள் மிரரை விட்டு, வழக்கம்போல நாக்கை ஓரமாக ஒதுக்கினேன். ஒதுங்கவில்லை. மறுபடி ஒதுக்கினேன். மறுபடியும் வந்து கண்ணாடிமேல் படுத்துக்கொண்டது. அப்போதுதான் பொறி தட்டியது. நாளெல்லாம் நாக்கைத் தள்ளிக்கொண்டே இருக்கிறேன், அதை என்றைக்காவது பார்த்திருக்கிறேனா?

பல் டாக்டருக்கு நாக்கு ஓர் இடைஞ்சல். டிரில் ஓடும்போது குறுக்கே வரும், வைத்த பஞ்சை நனைக்கும். காலேஜில் நாங்கள் முதலில் பழகுவதே அதை ஒதுக்கத்தான். அன்றைக்கு மிரரை வெளியே எடுத்துவிட்டு, "அண்ணா, நாக்கை நீட்டுங்க" என்றேன். இரண்டு ஓரத்திலும் பல் அழுந்திய தடம், பிஸ்கட் ஓரம் மாதிரி நெளிநெளியாக. "ஆ சொல்லுங்க" என்றேன். உள்நாக்கு தொங்குகிற இடமே தெரியவில்லை. நாக்கின் முதுகுதான் தெரிந்தது.

டெல்லிபாபு கம்பெனி பஸ் டிரைவர். விடிவதற்கு முன்னால் மாமல்லபுரத்தில் வண்டியை எடுத்து, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோயில் தாண்டித் தொழிற்பேட்டையில் இறக்குவார். நான் வேலை பார்க்கும் கிளினிக் மாமல்லபுரத்தில் இருக்கிறது. கடைவாய்ப் பல்லுக்குப் போட்ட கேப் உடைந்து வந்திருந்தார். அதற்கு முன்னால் போட்டதும் அப்படியே உடைந்துதான் போயிருந்தது. தேய்ந்து தட்டையாகிவிட்ட பற்களைப் பார்த்தாலே தெரியும், ஆள் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார்.

சேரைச் சாய்த்ததும் கையைத் தூக்கினார்.

"படுக்க வெக்காதீங்க டாக்டரம்மா. மூச்சு முட்டுது. குந்திகினே காட்டறேன்."

பல் தேய்மானம், நாக்கில் தடம், மறைந்த தொண்டை, படுத்தால் முட்டுகிற மூச்சு. தனித்தனியாகப் படித்ததெல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்திருந்தது. ஸ்லீப் ஆப்னியா. தூக்கத்தில் தொண்டை அடைத்து, மூச்சு நின்று நின்று வருவது. எங்கள் புத்தகத்தில் அரைப் பக்கம். "பரீட்சைக்கு வராது, தள்ளு" என்று சீனியர்கள் சொன்ன அரைப் பக்கம்.

கிளினிக்கை நடத்தும் கார்த்திகேயன் சாரிடம் ஓடினேன். கைவேலையில் அவரை அடிக்க இந்தக் கடற்கரையில் ஆள் கிடையாது. பேச்சு மட்டும் இப்படித்தான் இருக்கும்:

"அகிலா, வெளிய போர்டுல என்ன போட்டிருக்கு? பல் மருத்துவமனை. தூக்கம், மூச்சுன்னு எங்கயாவது எழுதியிருக்கா? நைட் கார்டு ஒண்ணு போட்டு அனுப்பும்மா."

நைட் கார்டு என்பது பல்லைக் கடிப்பவர்கள் ராத்திரியில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தகடு. பல்லைக் காப்பாற்றும். ஆனால் தொண்டை அடைக்கிற சிலருக்கு அது மூச்சுத் தொந்தரவைக் கூட்டிவிடலாம் என்று படித்திருந்தேன். "டெஸ்ட் எடுத்துட்டு வரட்டும் சார், அப்புறம் போடறேன்" என்றேன். சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தடுக்கவில்லை.

தடுத்தவர் டெல்லிபாபு.

"பல்லு ஒடைஞ்சா பல்ல கட்டுங்க. தூக்க வியாதின்னு ஒரு பேப்பர் வந்துச்சுன்னா எவன் எனுக்கு வண்டி குடுப்பான்? சாவிய புடுங்கிகினு 'வூட்ல போயி தூங்கு நைனா'ம்பான் சூப்பர்வைசரு. புள்ளைங்க படிச்சிகினு கீதுங்க. வேணாம், வுட்ருங்க."

எழுந்து போய்விட்டார். அந்த பஸ்ஸில் அவர் மட்டுமா போகிறார்? நானே சூப்பர்வைசரிடம் சொல்லிவிடலாமா? பேஷன்ட் என்னை நம்பித் திறந்த வாயைப் பற்றி வெளியே பேசலாமா? அதுவும் எனக்கு இருப்பது சந்தேகம்தான். உறுதியாகச் சொல்ல டெஸ்ட் வேண்டும், அதைப் பார்த்துச் சொல்ல வேறு டாக்டர் வேண்டும்.

2. வெளி பெஞ்சில் இருந்தவர்

ஓரிரு நாளில் அவர் மனைவி கன்னியம்மா வந்தார். வந்ததும் சண்டைதான்.

"என் வூட்டுக்காரர இன்னா சொன்னீங்க? இங்கேந்து வந்ததுலேர்ந்து மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீறாரு."

உட்கார வைத்து, "அண்ணன் குறட்டை விடுவாரா?" என்று கேட்டேன். சண்டைக்கு வந்தவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது.

"கொறட்டைய தெருவே சொல்லும். அதுக்கு நான் பயப்பட்ல யம்மா. கொறட்டை நிக்கும் பாரு, அப்பதான் எனுக்கு ஈரக்கொல நடுங்கும். நெஞ்சு ஏறுது எறங்குது, காத்து மட்டும் வர்ல. முட்டிய மடக்கி முதுகுல ஒரு இடி வுடுவேன். 'கொர்'னு இஸ்துகினு மூச்சு வரும். அப்புறம்தான் நான் கண்ண மூடுவேன்."

"எவ்ளோ நாளா இப்படி?"

"சின்னவ பொறந்ததுலேர்ந்து."

"எந்த டாக்டர்கிட்டயும் சொல்லலையா அக்கா?"

"யாரு கேட்டா? காய்ச்சல்னு போனா காய்ச்சல கேக்கறாங்க. பல்லுன்னு வந்தா நீங்க பல்ல கேக்கறீங்க. ஒவ்வொரு வாட்டியும் உங்க வெளி பெஞ்சுலதான குந்திகினு இருந்தேன்?"

சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாள். அத்தனை வருஷமாக ஒரு மனுஷியின் தூக்கத்தைச் செலவழித்துத்தான் ஒரு மனுஷனின் மூச்சு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எந்த டெஸ்ட் மெஷினும் இவ்வளவு பொறுமையாக ஒருவரைக் கவனித்திருக்காது.

விஷயத்தை விளக்கிச் சொன்னேன். "சொல்லிப் பாக்கறேன். கேக்கற ஆளு இல்ல" என்று எழுந்து போனார்.

3. பரனூர் வரிசை

அந்த வாரமே டெல்லிபாபு வந்தார். உடம்பில் காக்கிச் சட்டை இல்லை.

"பரனூர் டோல்கேட்டு லைன்ல நின்னுகினு இருந்தேன். கண்ண தொறந்தா முன்னாடி ஒரு வண்டி இல்ல. பின்னாடி ஹாரன் அடிச்சி சாவறான். கால் பிரேக்லயே இருந்துச்சு, பொழச்சேன். கண்ணாடில பாத்தேன் டாக்டரம்மா. உள்ள இருக்கறவங்க அத்தன பேரும் தூங்கிகினு கீறாங்க."

கேட்டைத் தாண்டி ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறார். சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, மாற்று டிரைவர் அனுப்பச் சொல்லியிருக்கிறார். என்ன காரணம் சொன்னார் என்று கேட்டேன்.

"உள்ளத சொன்னேன். கண்ணு சொக்குது, டெஸ்ட் முடியற வரிக்கும் ஸ்டியரிங் தொட மாட்டேன்னு."

வயிற்றுவலி என்று சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. எதற்குப் பயந்து என்னிடம் கோபித்துக்கொண்டு போனாரோ, அதைத் தானே வாய்திறந்து சொல்லிவிட்டு வந்து நின்றார்.

சூப்பர்வைசர் அவரைத் தொழிற்பேட்டையிலுள்ள பஸ் ஷெட்டில் டயருக்குக் காற்றுப் பார்க்கவும் வண்டி கழுவவும் விட்டார். மறுபடி வண்டி கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் விடுவார்களா? "இன்னா அண்ணாத்த, பல்ல புடுங்க போயி வேலைய புடுங்கிகினு வந்துட்டியா?" டெல்லிபாபு இதையும் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

4. தாடையை முன்னே கொண்டுவந்தது

செங்கல்பட்டில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் அனுப்பினேன். நெஞ்சில் ஒரு பெல்ட், விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு டியூப் மாட்டி, வீட்டிலேயே டெஸ்ட் எடுத்தார்கள். சந்தேகம் சரிதான். நடுத்தர அளவு என்றார் டாக்டர். காற்றை அழுத்தித் தரும் மாஸ்க் மெஷினைத்தான் முதலில் சொன்னார். டெல்லிபாபுவுக்கு அது ஒத்துவரவில்லை, தூக்கத்தில் இழுத்து இழுத்துப் போட்டார். பிறகு டாக்டர் என்னைப் போனில் கூப்பிட்டார்: "தாடையை முன்னால கொண்டுவர்ற அப்ளையன்ஸ் செஞ்சு பாருங்க. ஆனா அதை மாட்டிகிட்டு மறுபடி டெஸ்ட் எடுத்து, அது நல்லா வந்தாத்தான் வண்டி."

மேல்பல்லுக்கு ஒரு தட்டு, கீழ்ப்பல்லுக்கு ஒரு தட்டு. இரண்டையும் இணைத்துக் கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் பிடித்துவைக்கும். தாடையோடு நாக்கும் முன்னால் வரும், தொண்டையில் வழி திறக்கும். கேட்க எளிது. நான் ஒன்றுகூடச் செய்ததில்லை. தாடை எந்த நிலையில் நிற்க வேண்டும் என்று மெழுகில் பதித்து லேபுக்கு அனுப்புகிற பைட்டை இரண்டு தடவை எடுத்தும் சரியாக வரவில்லை. கார்த்திகேயன் சார் எட்டிப் பார்த்தார்.

"தள்ளும்மா. ஒரு மில்லிமீட்டர் தப்பினா காலையில ஆளு இட்லி தின்ன முடியாது."

போர்டைக் காட்டிப் பேசிய அதே மனிதர் குனிந்து உட்கார்ந்து, தாடையை அணு அணுவாக முன்னால் நகர்த்தி, மெழுகில் பைட்டைப் பதித்தார். அப்படி ஒரு நிதானத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. முடித்ததும், "இவ்ளோ பெரிய நாக்க நானும்தான் கேப் போடும்போது பார்த்தேன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

முதலில் தொல்லைதான். "காலைல தாடை பேஜாரு பண்ணுது, நாஸ்தா மெல்ல முடில" என்று வந்தார். இரண்டு நாள் விட்டு, தட்டுகளை இணைக்கும் திருகை மெதுவாகத் திருப்பிச் சரிசெய்தேன். எச்சில் வழிந்தது, பழகிப்போனது. கன்னியம்மாவின் அறிக்கை வேறு மாதிரி:

"சத்தமே இல்ல யம்மா. போயிட்டாரோன்னு பயந்து ஒரு இடி வுட்டேன். 'தூங்க வுடுடீ'ன்னு கத்தறாரு."

அப்ளையன்ஸை மாட்டிக்கொண்டு இரண்டாவது டெஸ்ட் எடுத்தார்கள். நன்றாக வந்தது. தினமும் மாட்ட வேண்டும், விடாமல் செக்கப் வரவேண்டும் என்ற நிபந்தனையோடு, ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சூப்பர்வைசர் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

5. திங்கட்கிழமை

இப்போது எங்கள் கிளினிக்கில் யார் வந்தாலும் முதலில் நாக்கு, தொண்டை, பிறகுதான் பல். ஒரே அறையில் படுப்பவர் கூட வந்திருந்தால் அவரையும் உள்ளே கூப்பிடுகிறோம். குறட்டை விடுகிற எல்லோருக்கும் இந்த வியாதி கிடையாது. இருக்கிறது என்று முடிவுசொல்வது எங்கள் வேலையும் கிடையாது. சந்தேகப்படுவதும் சரியான இடத்துக்கு அனுப்புவதும் எங்கள் வேலை. நாற்காலியில் வாயைத் திறந்து காட்டுகிற மனிதரை நம்மைவிடக் கிட்டத்தில் பார்க்கிற டாக்டர் யார்? இளம் டாக்டர்களுக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

அடுத்து ஷெட். அங்குள்ள டிரைவர்கள் எல்லோரையும் அவரவர் மனைவியோடு வரச்சொல்லிப் பார்க்க ஆசை. ஆனால் டெல்லிபாபு பயந்த அதே பயம் அவர்கள் எல்லோருக்கும் உண்டு. டெஸ்டில் மாட்டினால் வேலை போகாது, சரியாகும்வரை ஷெட்டில் வேறு வேலை கிடைக்கும், முடிவு முதலில் டிரைவர் கைக்குத்தான் போகும் என்று சூப்பர்வைசர் சொல்ல வேண்டும். போனில் கேட்டேன். "பாப்போம் மேடம்" என்றார்.

கன்னியம்மாவிடம் சொன்னேன்.

"பாப்போம்னா பாக்க மாட்டான்னு அர்த்தம். நீ தனியா போனா டீ குடுத்து அனுப்பிச்சிடுவான். நானும் வரேன்."

சூப்பர்வைசரை நேரில் பார்க்க, திங்கட்கிழமை விடியற்காலை கம்பெனி பஸ்ஸின் முதல் டிரிப்பில் மாமல்லபுரத்தில் ஏறுகிறோம். ஓட்டுகிறவர் டெல்லிபாபு.